அரை மதிப்பெண்

ஏழு மணிக்கு முன்பே கூண்டறைக்குள் போய்விடுவேன்.
இஸ்ஃபஹானின் வெயில் அங்கே எட்டாது.
ஒவ்வொரு சுண்டெலியாக
வாலின் அடியைப் பிடித்துத் தூக்குவேன்.
வால் சுருண்டு விரலைப் பற்றினால் பூஜ்யம்.
நனைந்த நூலாய்த் தொங்கினால் ஒன்று.
நடையில் இடுப்பு சரிந்தால் இரண்டு.
பின்னங்கால் இரண்டும் இழுபட்டால் மூன்று.
நான்கை வேகமாக எழுதிக் கடந்துவிடுவேன்.
ஐந்து என்றால் தூக்கவே வேண்டியதில்லை.

நோயைக் கொடுத்ததும் நாங்கள்தான்.
தன் நரம்பின் உறையைத் தானே கடிக்கும்படி
அவற்றின் ரத்தத்துக்குச் சொல்லிக்கொடுத்தோம்.
பிறகு பாதிக்கு வெறும் நீர்,
பாதிக்குக் குரோசின்.

குங்குமப்பூவின் சிவப்பே அதுதான்.
பூ பூப்பது காயேனில், ஓர் இரவுப் பேருந்து தூரம்.
சுத்தமாக்கிய பொடியோ ஹாம்பர்கிலிருந்து,
யாரோ ஒருவருடைய மருமகனின் பெட்டியில்
காலுறைக்குள் சுருண்டு வந்தது.
எங்கள் வயல் எங்களிடம் திரும்பி வர
இரண்டு விமானம் மாறியது.

எதற்கு எது என்று எனக்குத் தெரியக் கூடாது.
ஊசி போடுகிறவன் பெஹ்ரங், எண் போடுகிறவள் நான்.
ஆனாலும் சில கூண்டுகளின் மரத்தூளில்
மெல்லிய மஞ்சள் படிந்திருக்கும்.
பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.
திருப்பிக்கொள்வதற்குள் பார்த்திருப்பேன்.

வீட்டில் தங்கை நாஸ்கோல்.
முப்பத்தொரு வயது, நீச்சல் பயிற்சியாளர்.
வலது கால் அவள் பேச்சைக் கேட்பதை
இரண்டு வருடங்களுக்கு முன் நிறுத்திக்கொண்டது,
பிறகு கேட்டது, பிறகு மறுபடி இல்லை.
"அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை
என் தேநீரில் போட்டால்தான் என்ன?"
"எலி இருபது கிராம். உன் எடைக்குக் கணக்குப் போட்டால்
நீ ஒரு வயலையே தின்ன வேண்டும்."
"தின்கிறேன். உப்பு இருக்கிறதா?"

அந்த வாரம் மேலே அணையைத் திறந்தார்கள்.
வெடித்த சேற்றின் மேல் ஆறு வந்தது.
ஊரே காஜூ பாலத்துக்கு ஓடியது,
நாங்கள் டாக்சியில் போனோம்.
கடைசிப் படிக்கு மூன்று படி மேலேயே நின்றுவிட்டாள்.
கீழே யாரோ ஒருவன் முழுச் சட்டையோடு நீரில் உட்கார்ந்திருந்தான்.
"எத்தனை நாளைக்கு?" என்றாள்.
ஆற்றைத்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டு
"பத்து நாள் என்கிறார்கள்" என்றேன்.

இருபத்தெட்டாம் நாள் பெஹ்ரங் உறையைக் கிழித்தான்.
வெறும் நீர், சராசரி இரண்டு புள்ளி ஒன்பது.
குரோசின், இரண்டு புள்ளி நான்கு.
பேராசிரியை தபீப்ஸாதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தற்செயல் என்று தள்ளவும் முடியாது,
தற்செயல் இல்லை என்று சொல்லவும் முடியாது.
"இன்னும் இருபது எலி" என்றார்.
எலிக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள தூரத்தை
அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

அரை என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
பதினான்காம் எண் எலிக்குத்
தண்ணீர்க் குழாய் எட்டாமல் போயிருந்தது;
தீனியை நனைத்துத் தரையில் வைத்துவந்தேன்.
இருபத்து மூன்றாம் நாள் காலை
தரைத் தீனி அப்படியே கிடந்தது.
ஒற்றைக் காலை உதைத்து, கம்பியைப் பற்றி எழுந்து,
அது குழாயைக் கடித்துக்கொண்டிருந்தது.
அதன் தாளில் மூன்றை அடித்துவிட்டு இரண்டரை என்று எழுதினேன்.
மரத்தூளைப் பார்க்கவில்லை. சத்தியமாக.

இரவு நாஸ்கோலிடம் இதை மட்டும் சொன்னேன்,
சராசரியைச் சொல்லவில்லை.
நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.
பின் சட்டையின் மேல் பொத்தானை
இடது கையால் போட்டுப் பார்த்தாள், கழற்றினாள், போட்டாள்.
"அந்த எலி இப்போது எங்கே?"

நான் எழுந்து போய்க் குவளைகளைக் கழுவத் தொடங்கினேன்.
அதன் தண்டுவடம் சீவல் சீவலாகக் கண்ணாடித் தகட்டில் இருக்கிறது.
சாயம் ஏற்றினால், உறை மிஞ்சிய இடம் நீலமாகும்.
வெளுத்த திட்டுகள் நிறைய.
ஒன்றின் ஓரத்தில்,
உருப்பெருக்கியை எத்தனை முறை திருகியும் போகாமல்,
கொஞ்சம் நீலம்.